இருவாச்சி மேல் பழி

நான் சொல்லும்போது முன்னது பின்னது மாறிவிடும் டீச்சர், அதுதான் எனக்குப் பயம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தெரியாது. நடு ரோட்டில் கை காட்டி ஏறி, நடு ரோட்டிலேயே இறங்குகிறவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் ஏதாவது தப்பாகச் சொல்லி, அது நாலு பேர் காதில் போய், கடைசியில் பழி என் மேல் வந்து நின்றால்? அதனால் நீங்க கேட்டுக்கொள்ள வேண்டும், அப்புறம் மறந்துவிட வேண்டும். சரிதானுங்களே?

பையை மட்டும் சாய்க்காமல் பிடித்துக்கொள்ளுங்க. உங்க மடியில் இருப்பதே நல்லது. வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும், கம்பியைப் பிடித்தாக வேண்டும். இலை மூக்கில் குத்துகிறதா? கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிடுங்க. அது ஒன்றுமில்லை, சும்மா ஒரு செடி. பிறகு சொல்கிறேன்.

மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் என்று நீங்க கண்டக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. அப்போதே நினைத்தேன், இவங்க பக்கத்தில் உட்கார வேண்டும் என்று. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். நானும் அந்த வேலைதான். மூங்கிலோடை எஸ்டேட்டில் பிள்ளைக் கூடத்து ஆயா. காலையில் சங்கு ஊதியதும் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தையிலிருந்து நாலு வயதுவரை எல்லாவற்றையும் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நானும், லில்லிபுஷ்பம் என்று இன்னொருத்தியும். அவள் சமைப்பாள், நான் கவலைப்படுவேன். இது நான் சொன்னதில்லை, அவள் சொன்னது.

நான் பயந்தவள் இல்லை டீச்சர். முன்யோசனை உள்ளவள். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. தொட்டில் கயிறு இற்றுப்போகும் முன்னாலேயே மாற்றிவிடுவேன். பால் கொடுக்கும் முன் என் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். அப்புறம் லில்லிபுஷ்பத்தின் புறங்கையிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். சிறுத்தை வந்துவிடும் என்று பின்கதவைச் சாத்தியே வைப்பேன். முன்கதவு வழியாக வராதா என்று அவள் கேட்பாள். முன்கதவு வழியாக வந்தால் அது ஆபீஸ் பார்த்துக்கொள்ள வேண்டியது. பின்கதவுதான் என் பொறுப்பு.

அந்தப் பின்கதவுக்கு நேரே நிற்கிறது மரம்.

பெரிய மரம். தேயிலை வருவதற்கு முன்னால் இந்த மலை முழுக்கக் காடாக இருந்ததாமே, அதில் வெட்டாமல் விட்ட ஒற்றை மரம். ஏன் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பேரும் தெரியாது, கூடத்து மரம் என்போம். அது பாட்டுக்கு நின்றிருந்தால் எனக்கு என்ன வந்தது? மழை பிடிக்கிற சமயத்தில் அது பழுக்கும். பழம் என்றால் டீச்சர், எப்படிச் சொல்வேன், நாட்டுக்கோழி முட்டை அளவு, நல்ல ஆரஞ்சு நிறம், மேலே ஒரு மினுமினுப்பு. கையில் எடுத்தால் குழந்தைக் கன்னம் மாதிரி மெத்தென்று இருக்கும். வாசம் பலாச்சுளையும் இல்லை மாம்பழமும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில் ஏதோ. பார்த்தாலே வாயில் போடச் சொல்லும். விஷமா? தெரியாது. தின்னலாமா? தெரியாது. நாங்க கூலிக்காரங்க குடியிருக்கிற லைன் வீடுகளில் ஒருத்தரும் தின்றதில்லை. கேட்டால், குரங்கு தின்கிறது, குரங்கு தின்பதை மனுஷன் தின்னலாம் என்பார்கள். தின்ற குரங்கு எங்கே போய்ச் செத்ததோ, யார் பார்த்தார்கள்?

நினைத்துப் பாருங்க. கூடம் நிறையப் பிள்ளைகள். எதையும் வாயில் போட்டுத்தான் அது என்னவென்று தெரிந்துகொள்ளும் வயது. அதுகள் விளையாடும் இடத்தில் அந்த மரம் பொத்து பொத்தென்று பழத்தைப் போடுகிறது. ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் மரத்தையா கேட்பார்கள்? ஆயாவைத்தான் கேட்பார்கள்.

அதனால் பழக்காலம் வந்தால் சங்கு ஊதும் முன்பே எழுந்து போய்ப் பெருக்கிவிடுவேன். ஒரு பழம், ஒரு கொட்டை, மரத்தடியில் இருக்காது. முதலில் குப்பைக் குழியில் கொட்டினேன். ஆடு வந்து முகர்ந்தது. ஆடு தின்று செத்தால் ஆட்டுக்காரி என்னைச் சும்மா விடுவாளா? அப்புறம் ஓடைக்கு அந்தப் பக்கம், தேயிலை போடாமல் விட்ட பள்ளத்தில் கொட்டினேன். அது யானை போகிற வழி, யாரும் வர மாட்டார்கள். நான் மட்டும் யானை வாடை அடிக்கிறதா என்று மூக்கால் பார்த்துவிட்டு ஓடிப் போய் ஓடி வருவேன். கொட்டிவிட்டு வந்தால் இன்னொரு யோசனை. மழை இழுத்துக்கொண்டு போய் ஓடையில் விட்டால்? கீழ் லைனில் ஓடைத் தண்ணீர்தானே குடிக்கிறார்கள்? அதனால் குழி தோண்டிப் புதைத்தேன். ஒரே குழியில் போட்டால் பன்றி மோப்பம் பிடித்துக் கிளறும் என்று தனித்தனிக் குழி. மேலே சருகு மூடி, காலால் மிதித்துவிட்டு வருவேன். ஆயாவாகச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் இதே வேலை. சம்பளத்தில் இது சேர்த்தி இல்லை.

மரத்தையே வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று ஃபீல்டு ஆபீசர் ஜெபராஜ் ஐயாவிடம் சொல்லாத நாள் இல்லை. விஷ மரம் ஐயா, வெட்டச் சொல்லுங்க ஐயா என்று. என்னைத் தூரத்தில் பார்த்தாலே அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஒரு தடவை பைக் கிளம்பாமல் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு முழுசாகச் சொன்னேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் மழை பிடிக்கிற சமயத்தில் ஹாஜிரா வந்தாள். மரங்களைப் பற்றிப் படிக்கிற பெண். தொப்பிக்குள் முக்காடு, முக்காட்டுக்குள் பென்சில், அட்டை ஏறாமல் இருக்க முழங்கால்வரை துணி உறை. தண்ணீர் கேட்டுக் கூடத்துக்கு வந்தவள், பின்கதவு வழியாக மரத்தைப் பார்த்ததும் தம்ளரை அப்படியே என் கையில் வைத்துவிட்டாள். போய்ப் பட்டையைத் தடவினாள். இலையைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பார்த்தாள். அப்புறம் தரையில் மல்லாக்கப் படுத்துத் பைனாகுலரால் மேலே பார்க்க ஆரம்பித்தாள். நம்ம பிள்ளைகள் விடுமா? ஒவ்வொன்றாகப் போய் அவள் பக்கத்தில் வரிசையாக மல்லாக்கப் படுத்துக்கொண்டன. கைக்குழந்தையைத் தவிர கூடமே மண்ணில் கிடந்தது. மத்தியானச் சோற்றுக்கு எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எழுந்தவள் கேட்டாள்: "அக்கா, இந்தப் பழத்தை யாராச்சும் சாப்பிட்டிருக்காங்களா?"

"நீதானேம்மா படிச்சவ. நீ சொல்லு. விஷமா, இல்லையா?"

"தெரியலைக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்தது படித்தவங்க ஒருத்தர் வந்து சொல்வதற்குத்தான். வந்தவளுக்கும் தெரியவில்லை என்றால் என்ன படிப்பு? அப்புறம் அவள் பொறுமையாகச் சொன்னாள். அக்கா தங்கச்சி மாதிரி ரெண்டு மரம் உண்டாம். இலை ஒரே மாதிரி, பட்டை ஒரே மாதிரி. அக்கா நிறைய இடத்தில் இருக்கிறாள். தங்கச்சி உலகத்திலேயே கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சமாம். பழத்தை அறுத்து, கொட்டை எத்தனை, எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்த்தால்தான் இது அக்காவா தங்கச்சியா என்று தெரியுமாம். கோயம்புத்தூரில் பழைய காய்ந்த இலையும் காயும் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம், இங்கேயிருந்து ரெண்டு பழத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாளாம். அவள் கண் தங்கச்சி தங்கச்சி என்றே சொல்லியது. எனக்கே தெரிந்தது.

அப்புறம் மரத்தடியில் முட்டி போட்டுத் தேட ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் தேடினாள். முகம் வாடிவிட்டது.

"இவ்வளவு காய்க்கிற மரம். அடியில ஒரு குட்டிச் செடிகூட இல்லையேக்கா. இது போச்சுன்னா போனதுதான். ஏன் முளைக்கலை?"

என் கையில் விளக்குமாறு இருந்தது. பின்னால் வைத்துக்கொண்டேன்.

"மண்ணு சரியில்லையோ என்னவோம்மா."

பொய் சொல்லவில்லை டீச்சர். மண் சரியில்லாமலும் இருக்கலாம்.

போகும்போது அவள் ரெண்டு காரியம் செய்தாள். ஒன்று, கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, இந்த மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, ஒரு பழத்தைக்கூட யாரும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, இது அந்த மரம்தான் என்றால் பெரிய பெரிய ஆட்கள் வந்து கேட்பார்கள் என்று சொன்னாள். கேட்பார்கள் என்றால் யாரைக் கேட்பார்கள்? ரெண்டாவது, யாரும் தொடாமல் இருக்க அடையாளம் என்று, ஜெபராஜ் ஐயாவிடம் கேட்டு மஞ்சள் பெயின்ட் வாங்கி, நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டாள். அவள் என்ன கேட்டாள் என்று அவர் காதில் வாங்கினாரோ இல்லையோ, தலையை ஆட்டிவிட்டு பைக்கில் போய்விட்டார். நான் வருகிறவரை நீங்கதான் பார்த்துக்கொள்ள வேண்டும் அக்கா என்று லில்லிபுஷ்பத்தைச் சாட்சி வைத்துச் சொல்லிவிட்டு அவள் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

எங்கள் எஸ்டேட்டில் மரத்துக்கு வளையம் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் டீச்சர். தேயிலைக்கு நிழலுக்கு வைத்த மரங்களில் எதை வெட்ட வேண்டுமோ அதற்குத்தான் வளையம். வெளியிலிருந்து வந்த பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். அவள் பெயின்ட் அடிக்கும்போதே மனசில் இடித்தது. சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பாதி வளையம் முடிந்துவிட்டது. இப்போது சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை.

அந்த வாரமே வந்துவிட்டார்கள். மெஷின் ரம்பம், கயிறு, ஏணி எல்லாம் எடுத்துக்கொண்டு மேஸ்திரி அருளாண்டியும் அவர் ஆட்களும். நான் அப்போதுதான் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன சீனியம்மா, உன் வேண்டுதல் பலிச்சிருச்சு," என்றார் அருளாண்டி. "எத்தனை வருஷமா வெட்டு வெட்டுன்னு நச்சரிச்சே. ஆபீசர் ஐயா சொல்லிட்டார், மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல அந்தம்மா மரத்தை வெட்டி அந்தம்மா வாயை அடைங்கன்னு."

கஞ்சிக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. வெட்டாவிட்டால், என்றைக்காவது ஒரு பிள்ளை பழத்தைத் தின்னும், பழி என் மேல். வெட்டிவிட்டால், அந்தப் பெண் திரும்பி வந்து, பார்த்துக்கச் சொன்னேனே என்பாள். எஸ்டேட்டே சேர்ந்து, சீனியம்மாதான் வெட்டச் சொன்னாள் என்று சொல்லும். உலகத்தில் கைவிரல் எண்ணிக்கையில் மிச்சமிருக்கிற மரத்தில் ஒன்றை வெட்ட வைத்தவள் என்று. எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்த மரம் என் மேல்தான் விழும்.

போய் முன்னால் நின்றுகொண்டேன். இது வெட்டுகிற வளையம் இல்லை, வெட்டக் கூடாது என்கிற வளையம் என்று சொன்னேன். அப்படி ஒரு வளையத்தை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விஷ மரத்துக்கு இப்போது எதற்கு வக்காலத்து என்று அருளாண்டி கேட்டார்.

"விஷம்னு யார் சொன்னது?"

"நீதான்."

"நான் சொல்லலை."

இதற்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் லில்லிபுஷ்பம். பக்கத்து லைனிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ரம்பத்தின் கயிற்றை ஒருத்தன் இழுத்துவிட்டான். அந்தச் சத்தம் இருக்கிறதே, எனக்கு ஒன்றும் யோசிக்க ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு பழம் என் காலடியில் பொத்தென்று விழுந்தது. விஷமில்லை பார், என்று எடுத்துக் கடித்துவிட்டேன்.

நான் டீச்சர். பாலை ரெண்டு கையில் விட்டுப் பார்க்கிறவள். அந்தப் பழத்தைக் கழுவக்கூட இல்லை.

முதலில் இனிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், வெல்லப்பாகு மாதிரி, அதற்குள் ஒரு வாசம், அப்படி ஒரு ருசியை நான் தின்றதில்லை. ஐயோ நன்றாயிருக்கிறதே என்று இன்னொரு கடி கடித்தேன். அப்புறம் துவர்ப்பு. அப்புறம் பிசின். பலாப் பால் ஒட்டுமே, அதைவிட மோசம். மேல் உதடும் கீழ் உதடும் பசை போட்டது போல் ஒட்டிக்கொண்டன. வாயைத் திறக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர். ரம்பம் நின்றது.

"தின்னுட்டா," என்றார் அருளாண்டி.

அவ்வளவுதான். பொம்பளை செத்தால் கேஸ் நம்ம மேல்தான் வரும் என்று அவர் கயிற்றைச் சுருட்டிய வேகம் இருக்கிறதே. ஏணியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள். அருளாண்டியும் முன்யோசனை உள்ளவர்தான், அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் போய்ப் பிள்ளைகள் படுக்கும் பாயில் படுத்துவிட்டேன். செத்துவிடப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. கை கால் எது முதலில் மரத்துப்போகும் என்று ஒவ்வொன்றாக அசைத்து அசைத்துப் பார்த்தேன். எல்லாம் அசைந்தது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டன. கிருபா என்று ஒரு குட்டி, இன்னும் பேச்சு வராதது, நான் அதைத் தூங்க வைக்கிற மாதிரியே என் மார்பில் தட்டிக் கொடுத்தது. அது தட்டத் தட்ட எனக்குள்ளே என்னவோ பொங்கியது. அழுகை என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு. உதடு ஒட்டியிருக்கிறது, சிரிப்பு வெளியே வர வழியில்லை. மூக்கு வழியாக வருகிறது. லில்லிபுஷ்பம் அதைப் பார்த்து, இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். அவள் ஜெபம் பண்ணப் பண்ண எனக்குச் சிரிப்பு அதிகமாகிறது. எனக்கு அதிகமாக அதிகமாக அவள் ஜெபமும் சத்தமாகிறது.

என் வீட்டுக்காரர் சங்கிலி, தேயிலை ஃபாக்டரியிலிருந்து புருவமெல்லாம் தேயிலைத் தூளோடு ஓடி வந்தார். பெண்டாட்டி விஷம் தின்றுவிட்டாள் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"இனிப்பா இருந்துச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு ஒன்று எடுத்து வைக்கக் கூடாதா என்றார். லில்லிபுஷ்பம் சொன்னாள், அண்ணே, இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் கூடம் அமைதியாக இருக்கிறது, அவசரப்பட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம் என்று. கொஞ்ச நேரம் முன்னால்தான் எனக்காக ஜெபம் பண்ணியவள் இவள். எண்ணெய் தடவித் தடவி, ஒருவழியாக உதட்டைப் பிரித்தார்கள். சுற்றி எஸ்டேட்டே நிற்கிறது, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

"பின்கதவைச் சாத்துங்க," என்றேன்.

எதற்குச் சிரித்தார்கள் என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை. கதவு திறந்துதானே கிடந்தது.

மறுநாள் காலையில் எழுந்தால் உயிரோடு இருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? தண்ணீர் குடித்தால் தண்ணீர் ருசியாக இருக்கிறது. விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் பாட்டு வருகிறது. இனிமேல் எனக்கு எதுவும் ஆகாது என்று இருந்தது. சாயங்காலம்வரை அப்படி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

ஹாஜிரா திரும்பி வந்தபோது எஸ்டேட் ரோட்டிலேயே ஓடி வந்தாள். தங்கச்சிதான் அக்கா, தங்கச்சியேதான் என்று என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அதற்கு ஒரு நீளமான பேர் சொன்னாள். கூடத்துப் பிள்ளைகள் சொல்லிவிடும், எனக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நான் பழம் தின்ற கதையை லில்லிபுஷ்பம் அபிநயத்தோடு சொன்னதும் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். தெரியாத பழத்தை யாராவது தின்பாங்களாக்கா என்று திட்டினாள். சரிம்மா, ஆனால் இப்போது விஷமில்லை என்று தெரிந்துவிட்டதுதானே என்று கேட்டேன்.

"ஒருத்தர் சாகலைன்னா அதுக்கு விஷமில்லைன்னு அர்த்தம் ஆயிடாதுக்கா."

பார்த்தீங்களா? உயிரைக் கொடுத்தும் பதில் வரவில்லை. மறுபடி விளக்குமாற்றை எடுத்தேன். இந்தத் தடவை ஊர் விழிக்கும் முன்னால், யாருக்கும் தெரியாமல்.

அப்புறம் பெரிய ஆட்கள் வந்தார்கள். மரத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். நான்தான் முதலிலிருந்தே காப்பாற்றி வைத்தேன் என்று ஜெபராஜ் ஐயா வேலிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: செடிகள் எங்கே? ஹாஜிரா கையை விரித்தாள். தாய் மட்டும்தான் இருக்கிறது சார், பிள்ளை ஒன்றுகூட இல்லை என்றாள். நான் மூலையில் நின்றுகொண்டு தொட்டிலை ஆட்டினேன். தொட்டிலில் பிள்ளை இல்லை, அது அப்புறம்தான் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு ஓடையைத் தாண்டிப் போனேன். புதைத்ததெல்லாம் ஒழுங்காகப் புதைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். எப்போதும் குனிந்தபடி போய்க் குனிந்தபடி வருவேனா, அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

டீச்சர், கீரைப் பாத்தி மாதிரி நிற்கிறது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், பழைய குழிகளில் என் தலைக்கு மேலே. எல்லாவற்றுக்கும் செம்பு நிறத்தில் கொழுந்து இலை. காற்றடித்ததும் மொத்தமும் என்னைப் பார்த்துத் தலையாட்டியது, காலையில் நான் கூடத்தைத் திறக்கும்போது பிள்ளைகள் ஆட்டுகிற மாதிரி. உங்களை யார் முளைக்கச் சொன்னது என்று கேட்டேன். சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. சத்தமாகச் சிரித்தால் யானை வரும் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தார். போய்ச் சொல்லு, அந்தப் பெண் உனக்கு மாலை போடுவாள் என்றார். அவருக்கு என்ன தெரியும்? மாலை போடும் முன்னால் கேள்வி கேட்பார்களே. ஒரு பழம் எடுக்கக் கூடாது என்றால், கூடை கூடையாக எடுத்தவளை என்ன செய்வார்கள்? மண் சரியில்லை என்று வேறு சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே இடத்தில் கும்பலாக நிற்கிறது, ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் நான் மிதித்த தடம். யார் பார்த்தாலும் பிடித்துவிடுவார்கள்.

கும்பலாக இருந்தால்தானே? பிரித்துவிட்டால்?

அதைத்தான் செய்கிறேன். நர்சரியில் தேயிலை நாற்று வைத்து மிஞ்சிய கறுப்புப் பைகள் கிடக்கும். சின்னச் செடியாகப் பார்த்து, வேர் அறுபடாமல் மண்ணோடு எடுத்து, பையில் வைத்து, இந்த மழைக்காலம் முழுக்க நான் பஸ் ஏறுகிறேன். மாதா கோயில் கல்லறைக்குப் பின்னால் ஒன்று. பள்ளிவாசல் கிணற்றடியில் ஒன்று. மாரியம்மன் கோயில் சரிவில் ரெண்டு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒன்று. போலீஸ் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒன்று வைத்தேன், அங்கே வந்து யார் தேடுவார்கள்? தலைக்கு மேலே வளர்ந்ததை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுகள் அங்கேயே நிற்கட்டும், யானை போட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது ஹாஜிராவின் கதையைக் கேளுங்க. அவள் எங்கே போனாலும் ஒரு செடியைப் பார்க்கிறாள். கல்லறையில் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம், யாரோ சொந்தக்காரி என்று நினைத்து ஒரு பாட்டி தேற்றினாளாம். யார் போட்டது என்று யோசித்து யோசித்து, கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். இருவாச்சியாம். அந்தப் பெரிய அலகுப் பறவை இருக்கிறதே, அது பழத்தை முழுங்கிவிட்டுப் போகிற இடமெல்லாம் கொட்டையைப் போடுகிறதாம். இப்போது அவள் மரத்தை விட்டுவிட்டு இருவாச்சிக்குப் பின்னால் பைனாகுலரோடு ஓடுகிறாள். நேற்றுக்கூடக் கூடத்துக்கு வந்து சொன்னாள்: "போலீஸ் குவார்ட்டர்ஸ் வரைக்கும் போயிருக்குக்கா. இவ்வளவு புத்தியுள்ள பறவைன்னு யாரும் நினைக்கலை."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பழி இருவாச்சி மேல் போனால் போகட்டும். அதற்கென்ன, பறந்துவிடும்.

இதோ ரேஷன் கடை வளைவு வந்துவிட்டது, நான் இங்கே இறங்கிக் கீழே போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இல்லீங்க டீச்சர், பையை என்னிடம் நீட்டாதீங்க. அது உங்களுக்குத்தான். உங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடையும் சோலையும் இருக்கிறது, விசாரித்துக்கொண்டுதான் ஏறினேன். ஓடை ஓரமாகக் குழியை ஆழமாகத் தோண்டி வையுங்க, நேர் வெயில் படாமல். காய்க்கிறதற்கு ரொம்ப வருஷம் ஆகும், அதற்குள் உங்களுக்கு மாற்றல் வந்துவிடும். போகும்போது அடுத்து வருகிற டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போங்க. பழம் விழுந்தால் விடியும்போதே பொறுக்கிவிட வேண்டும். தனித்தனிக் குழி. மேலே சருகு. காலால் மிதிக்க மறக்கக் கூடாது. பிள்ளைகள் கையில் ஒன்றுகூடக் கிடைக்கக் கூடாது.

வேண்டாம் என்று சொல்லாதீங்க. வால்பாறையிலிருந்து இதுவரை அது உங்க மடியில்தான் வந்திருக்கிறது. கண்டக்டர் பார்த்தார், பஸ்ஸே பார்த்தது. யாராவது கேட்டால் இருவாச்சி போட்டது என்று சொல்லிவிடுங்க.

ஒன்று மட்டும் எனக்கு நிம்மதி. இவ்வளவு நேரம் பேசியும் என் பேரை நான் உங்களிடம் சொல்லவே இல்லை பாருங்க. நான் முன்யோசனை உள்ளவள் டீச்சர்.